மதிய ரீடிங்

பயப்படாதீங்க சார், துப்பாக்கி இல்ல. பையிலேர்ந்து குழாய் நீட்டிக்கிட்டு இருக்கிறதைப் பார்த்துட்டு நீங்க ஜன்னல் பக்கமா நகர்றீங்க, எனக்குத் தெரியுது. ஏறும்போதே கண்டக்டரும் கேட்டுட்டார். இதுக்குப் பேரு மார்க்கர். பெயின்ட்பால்னு ஒரு விளையாட்டு இருக்கு, கேள்விப்பட்டிருப்பீங்க. சின்ன நெல்லிக்காய் அளவுல உருண்டை, உள்ள சாயம். இதுல போட்டுச் சுட்டா எதிராளி மேல பட்டு உடையும். சட்டையில கறை பட்டவன் அவுட். அவ்வளவுதான் விளையாட்டு.

இதுல சிலிண்டர் மாட்டுற இடத்துல மரை தேஞ்சு போச்சு. அதைச் சரி பண்ணத்தான் காலையில சேலத்துக்கு வந்தேன். மரை தானா தேயாது, யாரோ கோணலா வச்சு முறுக்கியிருக்காங்கன்னு லேத்துக்காரர் சொன்னார். வீட்ல நானும் என் சம்சாரமும்தான். ஃபோன் போட்டுக் கேட்டேன், அவ முறுக்கலைங்கிறா. நானும் அப்போலேர்ந்து யோசிச்சுப் பார்க்கிறேன், யாரா இருக்கும்னு பிடிபடல.

என் பேரு பரமானந்தம். முப்பத்தொரு வருஷம் பிசிக்ஸ் வாத்தியார். என் சம்சாரம் கமலவேணி அதே ஸ்கூல்ல லேப் அசிஸ்டென்ட். நான் போர்டுல சர்க்யூட் படம் போடுவேன், அவ லேப்ல மேஜை மேஜையா அதை வயர் போட்டு வச்சிருப்பா. சில சமயம் வந்து, "ஏங்க, நீங்க போட்டபடி போட்டா பல்பு எரியாதுங்க"ன்னு காதுல சொல்லுவா. அப்புறம் அவ இஷ்டத்துக்கு ஏதோ மாத்திப் போடுவா, எரியும். நான் கண்டுக்க மாட்டேன். கீழ வேலை செய்யறவங்களுக்குக் கொஞ்சம் சுதந்திரம் கொடுக்கணும் சார்.

பிடிச்சுக்குங்க, வளைவு வருது.

ரிட்டையர் ஆனதும் மலை மேல வந்துட்டோம். நாகலூர் போற வழியில வேணியோட அப்பா விட்டுப்போன ரெண்டரை ஏக்கர் இருக்கு. காப்பிச் செடியெல்லாம் நோய் விழுந்து போயி, சில்வர் ஓக் மட்டும் நின்னுச்சு. மரத்துக்கு மரம் ஒளிஞ்சு விளையாட அதைவிட நல்ல இடம் கிடையாது. கோயமுத்தூர்ல யாரோ பெயின்ட்பால் மைதானம் நடத்தி மூடிட்டாங்க, பத்து மார்க்கரும் முகமூடியும் வலையும் மொத்தமா வருதுன்னு எங்க மாப்பிள்ளைதான் சொன்னார். வாங்கிட்டோம்.

அங்கதான் ஆரம்பிச்சுது. இந்த மார்க்கருங்க எல்லாம் அழுத்தின காத்துல ஓடிக்கிட்டு இருந்ததுங்க. அந்தக் காத்தை அடைக்கிற கம்ப்ரஸரே வேற. சைக்கிள் கடையில வச்சிருப்பாங்களே, அதெல்லாம் அதுகிட்டக்கூட நிக்க முடியாது. அதுக்கு த்ரீ ஃபேஸ் கரன்ட் வேணும், எங்களுக்கு வர்றது ஒத்தை ஃபேஸ். மிக்ஸி போட்டாலே டியூப் லைட் கண் சிமிட்டும். அதனால நான் ஒரு முடிவு எடுத்தேன். கார்பன் டை ஆக்ஸைடு. சோடாவுல இருக்கிற அதே கேஸ், தீயணைக்கிற சிலிண்டர்லயும் அதுதான். சேலத்துலயே நிரப்பித் தர்றாங்க. மாத்திடலாம்னேன். இந்த முடிவு நான் எடுத்தது சார். மத்ததெல்லாம் அதுக்கப்புறம் வந்த சில்லறை வேலை.

மார்க்கரோட வந்த சின்னப் புத்தகத்தை வேணி எடுத்து வச்சுக்கிட்டு மூணு நாள் படிச்சா. "பத்துல ரெண்டு பேட்டரியில ஓடுறதுங்க. அதுக்கு இந்த கேஸ் ஆகாதுன்னு போட்டிருக்கு. எடுத்து உள்ள வச்சிடறேன்"னா. புத்தகத்துல ஆயிரம் போடுவான். நான் அதுல ஒண்ணுக்கு மாட்டிப் பார்த்தேன். டிக்குனு ஒரு சத்தம், அதோட சரி. அது கோயமுத்தூர்லேர்ந்து வரும்போதே வழியில அடிபட்டிருக்கு. இன்னொண்ணை அவ பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. நான் சாவி எங்கேன்னு கேட்டுக்கல.

மிச்சம் எட்டு. சிலிண்டர் நிரம்பி வந்ததும் நான் பிரஷர் மீட்டர் வச்சுப் பார்த்தேன். ஒரு அளவு காட்டுச்சு. பாதி தீர்ந்ததும் பார்த்தேன், அதே அளவு. முக்கால்வாசி தீர்ந்தும் அதே அளவு. மீட்டர் போச்சுன்னு கடைக்காரனுக்கு ஃபோன் போட்டுச் சத்தம் போட்டேன். அவன் ஏதோ, "சார், உள்ள திரவமா இருக்கிற வரைக்கும் அப்படித்தான் காட்டும், எடை போட்டுப் பாருங்க"ன்னான். பத்தாவது தாண்டியிருக்க மாட்டான், எனக்குச் சொல்றான். ஃபோனை வச்சுட்டுத் திரும்பினா, சமையல்கட்டுல வேணி காய் நிறுக்கிற தராசுல சிலிண்டரை வச்சு எடை பார்த்துக்கிட்டு இருக்கா. பக்கத்துல பீன்ஸ். "இது காலியாகப் போகுதுங்க"ன்னா. அன்னைக்குச் சாயங்காலம் காலியாச்சு. தற்செயல்னு ஒண்ணு இருக்கில்ல.

சரிவுல முதல் தடவை சுட்டுப் பார்த்த அன்னைக்கு நான் கீழ்ப்பக்கமா குறி வச்சேன். சிலிண்டர் மார்க்கருக்குப் பின்னாடி மாட்டியிருக்கு. நாலு உருண்டை நல்லாப் போச்சு. அஞ்சாவதுக்கு குழாயிலேர்ந்து வெள்ளை வெளேர்னு பனி மாதிரி கொட்டுச்சு. உருண்டை உள்ளேயே உடைஞ்சு சாயம் வழியுது. ரப்பர் வளையமெல்லாம் வெறைச்சுப் போயி உஸ்ஸுனு ஒழுகுது. பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு.

வேணி வந்து தொட்டுப் பார்த்துட்டு விரலை உதறினா. "சிலிண்டர் கவிழ்ந்தாப்ல இருக்குதுங்க. உள்ள இருக்கிற திரவம் அப்படியே மார்க்கருக்குள்ள வந்துடுது. அது நிமிர்ந்து நின்னாத்தான் மேல இருக்கிற கேஸ் மட்டும் வரும்"னா.

எனக்குக் கோபம் வந்துடுச்சு. "விளையாட வர்றவன் ஓடுவான், குனிவான், உருளுவான். சிலிண்டரை நிமிர்த்திப் பிடிடான்னு நான் பின்னாடியே ஓட முடியுமா? இல்ல, அவன் முதுகுல கட்டி விடவா?"ன்னேன்.

அவ என் முதுகைச் சாண் போட்டு அளந்துட்டுப் போயிட்டா. மறுநாள் தையல் மெஷின் ஓடுற சத்தம். கெட்டித் துணியில கையில்லாத சட்டை மாதிரி தைச்சு, முதுகுல ஒரு நீளப் பை. அதுல சிலிண்டர் நிமிர்ந்து நிக்குது. அங்கேர்ந்து தோளுக்கு மேல ஒரு சுருள் ஹோஸ் மார்க்கருக்கு வருது. ரப்பர் வளையத்தையும் வேற ஜாதியில வாங்கி மாத்திட்டா. அப்புறம் பனியும் இல்ல, ஒழுகலும் இல்ல. முதுகுல கட்டுறதுன்னு முதல்ல சொன்னது யாரு? நீங்களே சொல்லுங்க சார். நான் அதை எங்கேயும் பெருமையாச் சொல்லிக்கிறதில்ல.

அடுத்தது வேகம். இந்த உருண்டை விநாடிக்கு இருநூத்தெண்பது அடிக்கு மேல போகக்கூடாது. போனா சாயம் அடிக்கிறதோட நிக்காது, ஆளை அடிக்கும். அதை அளக்க குட்டியா ஒரு கருவி. குழாய்க்கு முன்னாடி வச்சுச் சுட்டா நம்பர் காட்டும். மார்க்கர்ல ஒரு திருகாணி இருக்கு, ஆலன் கீ போட்டு உள்ள முறுக்கினா வேகம் கூடும், வெளிய முறுக்கினா குறையும். இவ்வளவுதான். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு எட்டையும் நானே வரிசையா சுட்டு, சொல்லி வச்ச மாதிரி எல்லாத்தையும் இருநூத்தெண்பதுல நிறுத்தினேன். வேணி நம்பரைப் பார்த்துச் சொன்னா, நான் முறுக்கினேன்... இல்ல, முறுக்கினதும் அவதான். நிறுத்துன்னு சொன்னது நான்.

அன்னைக்கே மதியம் பக்கத்து எஸ்டேட் சூப்பர்வைசர் சேவியர் பார்க்க வந்தார். வலிக்குமான்னு கேட்டார். வலிக்கவே வலிக்காது, நானே நிக்கிறேன், சுடுங்கன்னேன். வேணி ஓடி வந்தா. "வெயில் ஏறிடுச்சுங்க. சிலிண்டர் சுடுது பாருங்க. ஒரு தடவை அளந்து பார்த்துட்டு நில்லுங்க"ன்னா. காலையில அளந்ததை மதியம் அளக்குறதுக்கு இது என்ன பாலா, திரிஞ்சு போக? முகமூடியை மாட்டிக்கிட்டு நின்னேன்.

சேவியர் சுட்டார். விலாவுல பட்டுது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துக்கிட்டேன். அப்புறம் படுத்துக்கிட்டேன். ஆஸ்பத்திரியில படம் எடுத்துட்டு எலும்புல ஒரு கீறல்னாங்க. சேவியர் அழாத குறை. நான்தான் அவருக்குத் தைரியம் சொன்னேன். அந்த நேரம் பார்த்து நான் மூச்சை உள்ள இழுத்தேன், விலா விரிஞ்சு கொடுத்திருக்கு, அதான் காரணம்.

வேணி அன்னைக்கு ஆஸ்பத்திரி பெஞ்சுல எக்ஸ்ரே உறையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. "ஏன், பயந்துட்டியா?"ன்னேன். "கொஞ்சம் மேல பட்டிருந்தா கழுத்துங்க"ன்னா.

மறுநாள்லேர்ந்து ஒரு நோட்டு போட்டா. ஒரு தெர்மாமீட்டரை மரத்துல தொங்கவிட்டு, மணிக்கு ஒரு தடவை வெளிய போவா, சுடுவா, எழுதுவா. காலை ஏழுலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும். பதினோரு நாள். நான் விலாவுல கட்டு போட்டுக்கிட்டு ஈஸி சேர்ல படுத்திருப்பேன். டப்புனு சத்தம் கேட்கும். மணி பத்துன்னு தெரிஞ்சுக்குவேன். அந்த வகையில உபயோகமாத்தான் இருந்துச்சு.

சார், சூடானா வாயுவோட அழுத்தம் கூடும். இதை நான் முப்பத்தொரு வருஷம் நடத்தியிருக்கேன். வருஷத்துக்கு ரெண்டு செக்‌ஷன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சூத்திரம் சொல்லுவேன். ஆனா அது பாடம். இது மார்க்கர்.

அப்புறம் இன்ஸ்பெக்‌ஷன் நாள் வந்துச்சு. அனுமதி கொடுக்கிற அதிகாரி ஒரு அம்மா, மெஹருன்னிசான்னு பேரு. மதியம் ஒன்றரைக்கு வர்றதா சொல்லியிருந்தாங்க. அவங்க சரின்னாத்தான் கேட்டைத் திறக்க முடியும். வேணி அவ அப்பா நிலத்துல மறுபடி நாலு ஆள் நடமாடப் போறாங்கன்னு வாசல் பூரா கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டிருந்தா.

காலையில நான் சும்மா இருக்கக் கூடாதேன்னு கருவியை எடுத்துக்கிட்டுப் போய் ஒரு மார்க்கரைச் சுட்டுப் பார்த்தேன். இருநூத்தி முப்பத்தாறு. அடுத்தது இருநூத்தி முப்பத்தி ரெண்டு. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுது. எட்டும் அப்படித்தான். யாரோ எல்லாத்தையும் குறைச்சு வச்சிருக்காங்க. அதிகாரி வர்ற அன்னைக்குப் பார்த்து! வேணி உள்ள போண்டாவுக்கு மாவு கரைச்சுக்கிட்டு இருந்தா, அவளைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு எட்டையும் நானே முறுக்கி இருநூத்தெண்பதுல கொண்டுவந்து நிறுத்தினேன். அப்ப பனி கூட விலகல. கை வெறைச்சுப் போச்சு. அவகிட்ட சொல்லல. சின்ன விஷயம், எதுக்குச் சொல்லணும்?

அந்தம்மா சரியா ஒன்றரைக்கு வந்துட்டாங்க. மேல இப்படி ஒரு வெயில் வருஷத்துல நாலு நாள்தான் அடிக்கும், அன்னைக்கு அடிச்சுது. வலையைப் பார்த்தாங்க, முகமூடியை வளைச்சுப் பார்த்தாங்க, முதுகுப் பையைத் தானே மாட்டிப் பார்த்தாங்க. எல்லாம் திருப்தி. நான் வாயுவோட குணங்களைப் பத்தி ஒரு இருபது நிமிஷம் பேசினேன். பொறுமையா கேட்டுக்கிட்டாங்க. அப்புறம், "வேகத்தைக் காட்டுங்க"ன்னாங்க.

நானே சுட்டேன். முந்நூத்தி முப்பத்தொண்ணு.

அந்தம்மா குனிஞ்சு கருவியைப் பார்த்தாங்க. "இன்னொரு தடவை சுடுங்க"ன்னாங்க. முந்நூத்தி முப்பத்தி நாலு. "உங்க விலாவுல அடிபட்டுச்சுன்னு சொன்னீங்களே, அது எத்தனையில?"ன்னு கேட்டாங்க. சிரிக்காம கேட்டாங்க சார்.

"கருவி தப்பு மேடம்"னேன்.

வேணி பின்னாடி நின்னுக்கிட்டு இருந்தா. திருகாணியைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. அப்புறம் முன்னாடி வந்து, "கருவி சரிதான் மேடம். காலையில குளிர்ல சார் வச்சது சரி. வெயில் ஏறினதும் நான் குறைச்சு வச்சிருக்கணும். மறந்துட்டேன். என் தப்பு"ன்னா.

இடுப்புல சொருகியிருந்த ஆலன் கீயை எடுத்தா. கால் சுத்து, கொஞ்சம் கூட. சுட்டா. இருநூத்தி எழுபத்தி நாலு. அடுத்ததை எடுத்தா. எட்டையும் அந்தம்மா கண்ணு முன்னாடியே ஒண்ணு விடாம இறக்கி வச்சா. அவங்க பார்த்துக்கிட்டே இருந்தாங்க. "எவ்வளவு முறுக்கணும்னு எப்படித் தெரியுது?"ன்னு கேட்டதுக்கு வேணி உள்ள போய் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தா. அந்தம்மா நின்னுக்கிட்டே படிக்க ஆரம்பிச்சு, அப்புறம் அடிமரத்துல உட்கார்ந்து படிச்சாங்க. போண்டா ஆறிப் போச்சு.

"இதையெல்லாம் யாரு எடுத்தது?"

"நாங்க எடுத்தோம் மேடம்"னேன்.

அவங்க என் விலாக் கட்டைப் பார்த்தாங்க. அப்புறம் அனுமதிக் காகிதத்துல எழுதினாங்க. தொழில்நுட்பப் பொறுப்பாளர், திருமதி கமலவேணி. கீழ உதவியாளர்னு ஒரு கோடு இருந்துச்சு. அதுல என் பேரு. எழுதும்போது மாறிப் போச்சு போல. மேடம், நான் பி.ஜி. டீச்சர்னு சொல்ல வாயெடுத்தேன். வேணி, "டீ கொண்டு வாங்க"ன்னா. கொண்டு வந்தேன்.

இதுதான் சார் எனக்கு இன்னும் உறுத்துது. மறந்தது அவ. அவளே ஒத்துக்கிட்டா, அரசாங்க அதிகாரி முன்னாடி, வாயால. பேரு மட்டும் மேல அவளுக்கு.

ஆனா நான் மனசுல வச்சுக்கிறவன் இல்ல. அன்னைக்குச் சாயங்காலம் ஆறின போண்டாவைச் சாப்பிட்டுக்கிட்டே, "வேணி, மறதி எல்லாருக்கும் வர்றதுதான். நான் ஒண்ணும் நினைச்சுக்கல"ன்னேன்.

டம்ளரைக் கீழ வச்சா. என்னைப் பார்த்தா. அப்புறம் சிரிச்சா சார். சின்னதா இல்ல. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு, சுவத்துல சாய்ஞ்சு, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். முந்தானையால துடைச்சுட்டு மறுபடி சிரிச்சா. எங்க கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. எனக்கு எதுக்குன்னு தெரியல. விலா வலியோட நானும் கூடச் சிரிச்சேன், தனியா சிரிச்சுக்கிட்டு இருக்கக் கூடாதேன்னு.

இன்னும் ரெண்டு வளைவுதான். நான் இறங்க வேண்டிய இடம் வந்துடும்.

இப்ப நல்லா போகுது. சனி, ஞாயிறு கூட்டம். நான் வர்றவங்களுக்கு வாயு விதி சொல்றேன், அவ அஞ்சு நிமிஷத்துல விசில் ஊதிடுறா. போன செவ்வாய்க்கிழமை மட்டும் அவளுக்குக் காய்ச்சல். எழுந்திருக்க முடியல. பன்னெண்டு மணிக்கு எட்டு பேர் வர்றாங்க. "நீங்க பார்த்துக்குங்க"ன்னு ஆலன் கீயை என் கையில கொடுத்தா.

நான் தனியா போனேன். தெர்மாமீட்டரைப் பார்த்தேன், இருபத்தாறு டிகிரி. நோட்டுல இருபத்தாறுக்கு என்ன எழுதியிருக்கான்னு பார்த்தேன். அவ எழுத்து சின்னதா இருக்கும், கண்ணாடியை ஏத்திப் படிச்சேன். அந்த அளவுக்கு முறுக்கினேன். சுட்டேன். இருநூத்தி எழுபத்தொண்ணு.

ஜன்னல் கிட்ட போய், "இருநூத்தி எழுபத்தொண்ணு!"ன்னு கத்தினேன்.

உள்ளேர்ந்து குரல் வந்துச்சு, கம்மலா. "மூணு தடவை எடுங்க."

எடுத்தேன். எழுபத்தொண்ணு, எழுபத்தி மூணு, எழுபது. எட்டுக்கும் மூணு மூணு தடவை. நம்ம கையால சுட்டு, அந்த நம்பர் நாம எதிர்பார்த்த இடத்துல வந்து நிக்கும்போது ஒரு மாதிரி இருக்கு சார். ஸ்கூல்ல எனக்கு அதுக்கெல்லாம் நேரம் இருந்ததில்ல. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டேன். தூசிதான், வேற ஒண்ணுமில்ல.

அப்புறம் நோட்டுல எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு மேல 'எடுத்தவர்'னு போட்டிருக்கா. பக்கம் பக்கமா புரட்டிப் பார்த்தேன். எல்லாத்துலயும் க.வே., க.வே., க.வே. எட்டு பேரும் முகமூடியை மாட்டிக்கிட்டு எனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்க.

அதுக்குக் கீழ ப.ன்னு போட்டேன். சின்னதாத்தான் போட்டேன்.

வர்றேன் சார். அந்தக் குழாயைக் கொஞ்சம் அப்படித் திருப்புங்க, கண்டக்டர் பார்க்கிறார்.